கல்யாண கேசட்டை டி.வி.டி.யில் ஏற்றும்போது ‘காப்பி எடுக்க அனுமதி இல்லை’ என்று வந்ததா? உங்கள் அனுபவம் சொல்லுங்கள்

தர்மபுரி, ஸ்டுடியோக்காரர்:
பழைய வி.எச்.எஸ். கேசட்டை டி.வி.டி.க்கு மாத்தித் தரச் சொல்லி இன்னும் ஆள் வந்துட்டுதான் இருக்காங்க. பெரும்பாலும் 90களில் எடுத்த கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு. போன மாசம் பென்னாகரம் பக்கத்துல இருந்து ஒரு அம்மா தன்னோட கல்யாண கேசட்டோட வந்தாங்க. அட்டையில ‘கிருஷ்ணகிரி, தர்மபுரி மாவட்டம்’னு மண்டப விலாசம். 2004 பிப்ரவரியில மாவட்டம் பிரியறதுக்கு முந்தின கேசட். டெக்குல போட்டு, ரெக்கார்டரை ஓடவிட்டேன். பொண்ணு அழைப்பு, நலுங்கு எல்லாம் நல்லாப் போச்சு. தாலி கட்டுற இடம் வந்ததும் ரெக்கார்டர் நின்னு போய், பாதுகாக்கப்பட்ட நிகழ்ச்சி, பதிவு செய்ய முடியாதுன்னு எழுத்து வந்துடுச்சு. அந்த அம்மா என்னைப் பார்த்துக் கேட்டாங்க: “என் கல்யாணத்துக்கு யாருங்க பூட்டு போட்டது?”

யாரும் போடலை. 80களின் நடுவில் சினிமா கேசட்டுகளுக்காக மேக்ரோவிஷன்னு ஒரு முறை வந்துச்சு. நம்ம ஊர் டி.வி.க்கான பால் (PAL) என்கிற முறையில ஒரு படத்துக்கு 625 கோடு. கண்ணுக்குத் தெரியறது 576தான். மறைஞ்சிருக்கிற கோடுகள்ல அளவுக்கு மீறின பிரகாசத் துடிப்புகளைத் திணிச்சிடுவாங்க. டி.வி.யில பார்க்கும்போது வித்தியாசம் தெரியாது. ஆனா இன்னொரு டெக்குல காப்பி எடுத்தா, சிக்னல் அளவைத் தானா சரி பண்ணுற சர்க்யூட் ஏமாந்து போய், படம் மங்கறதும் வெளுக்கறதுமா இருக்கும். பின்னாடி வந்த டி.வி.டி. ரெக்கார்டர், வீடியோவைக் கம்ப்யூட்டர்ல ஏத்துற கேப்சர் கார்டு பலதும் இந்தத் துடிப்பைக் கண்டாலே பதிவை நிறுத்திடும்.

தேய்ஞ்ச டேப்புலயும் அதே மறைவுக் கோடுகள்தான் ஆடும். ரெக்கார்டருக்கு ரெண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. தாலி கட்டுற இடத்துல நின்னதும் அதனாலதான். வீட்டுல எல்லாரும் திருப்பித் திருப்பிப் போட்டு, நிறுத்தி நிறுத்திப் பார்க்கிற இடம் அது. டெக்குல படத்தை நிறுத்தி வச்சாலும் உள்ளே டேப்பைப் படிக்கிற டிரம் சுத்திட்டே இருக்கும், அதே இடத்தையே தேய்க்கும்.

உங்களுக்கு இப்படி வந்திருக்கா? என்ன பண்ணீங்க?

காரிமங்கலம்:
வந்திருக்குங்க அண்ணா. பின்னணியில சினிமாப் பாட்டு ஓடுதே, அதைக் கண்டுபிடிச்சுதான் மெஷின் நிறுத்துதுன்னு எங்க வீட்டுல ஒரே பேச்சு. பாட்டு இல்லாத இடமாப் பார்த்து வெட்டிக் கொடுங்கன்னு என் பெரியப்பா ஸ்டுடியோவுல சண்டையே போட்டுட்டார்.

தர்மபுரி, ஸ்டுடியோக்காரர்:
பாட்டுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லைங்க. மேக்ரோவிஷன் படத்துல மட்டும்தான். ஒலியை அது கேட்கறதே இல்லை. அதே வீடியோவை யூட்யூபுல ஏத்தும்போது பாட்டைக் கண்டுபிடிச்சுச் சொல்லும், அது வேற ஏற்பாடு. பெரியப்பாகிட்ட சொல்லுங்க.

கிருஷ்ணகிரி:
எங்க மாமா ஒருத்தர், இதை உடைக்க சாஃப்ட்வேர் இருக்குன்னு எங்கேயோ இறக்கிட்டு வந்து கம்ப்யூட்டரையே பாழாக்கிட்டார். ரெக்கார்டர் நிறுத்துறது அதுக்குள்ளேயே இருக்கிற சிப்பாலே. கம்ப்யூட்டர்ல எதை இறக்கி என்ன பண்ண? சட்டம் பத்தியும் சிலர் பயப்படறாங்க. 2012 திருத்தத்துல பதிப்புரிமைச் சட்டத்துக்கு 65ஏ பிரிவு வந்துச்சு, பாதுகாப்பை உடைச்சா தண்டனை உண்டு. ஆனா அடுத்தவங்க உரிமையை மீறுற நோக்கத்தோட உடைக்கிறவங்களுக்குத்தான் அது. நம்ம வீட்டுக் கேசட்டுல உடைக்க ஒரு பூட்டே கிடையாது.

நான் பண்ணினது ரொம்பச் சாதாரணம். முதல்ல கேசட்டை ஒரு தடவை கடைசி வரைக்கும் ஓட்டி, திரும்பச் சுத்தினேன். இறுகிப் போயிருந்த டேப் சீரா உட்கார்ந்துச்சு. டேப்புல பதிவான தடத்துக்கு நேரா டெக்கை ஒத்துப்போக வைக்கிற டிராக்கிங்கைக் கையால திருப்பி, படத்தோட அடியில ஓடுற கோட்டைக் குறைச்சேன். அதுக்கும் மசியாத கேசட்டை வேற டெக்குல போட்டேன், தடையில்லாம ஓடிடுச்சு. ஒரு டெக்குல ஆடுற டேப் இன்னொண்ணுல ஆடாது. டேப்பைப் படிக்கிற ஹெட்டோட தேய்மானம் ஒவ்வொண்ணுக்கும் வேற. வெள்ளையாப் பூஞ்சை பிடிச்ச கேசட்டை மட்டும் அப்படியே போட்டுடாதீங்க. ஹெட்டும் போகும், அடுத்து போடுற கேசட்டுக்கும் ஒட்டிக்கும்.

அரூர்:
எங்களுக்கு வேற வழி கிடைச்சுது. எங்க கேசட் காப்பிக்குக் காப்பி எடுத்தது. வீடியோக்காரர் தான் எடுத்த மூலக் கேசட்டான மாஸ்டரை வச்சு மாப்பிள்ளை வீட்டுக்கு ஒண்ணு கொடுத்தார். அதுல இருந்து எடுத்ததுதான் எங்ககிட்ட இருந்துச்சு. படத்தை ஆடாம நிறுத்துற சிங்க் சிக்னல் ஒவ்வொரு காப்பிக்கும் கெட்டுக்கிட்டே போகுமாம். தீர்த்தமலையில அத்தை வீட்டுப் பரண்ல முதல் காப்பி கிடந்துச்சு. அவங்க வீட்டுல டெக்கே இல்லாததால ஒருநாளும் ஓடாத கேசட். ஒரு தடங்கலும் இல்லாம ஏறிடுச்சு. சொந்தத்துல வேற யார்கிட்ட காப்பி இருக்குன்னு முதல்ல விசாரிங்க, செலவே இல்லை.

ஓசூர்:
என்னுது வி.எச்.எஸ். இல்லை, எட்டு எம்.எம். கேசட். கே.ஆர்.பி. அணைக்குப் போனது, மாங்கனிக் கண்காட்சி, பசங்க சின்ன வயசு. யு.எஸ்.பி. கேப்சர் குச்சியில மாட்டினா பாதியில ‘பாதுகாக்கப்பட்டது’ன்னு வரும். பெங்களூர் எஸ்.பி. ரோட்டுல ஒரு கடைக்காரர்தான் சொன்னார்: டைம் பேஸ் கரெக்டர், சுருக்கமா டி.பி.சி.ன்னு ஒண்ணு இருக்கு, ஆடுற சிக்னலை நேராக்கி வெளியே விடும்னு. தனிப் பெட்டியா வாங்கினா விலை கட்டுப்படி ஆகாது. சொந்தக்காரர் ஒருத்தர்கிட்ட டிஜிட்டல் எய்ட் கேமரா இருந்துச்சு, என் கேசட்டை அதுல போட்டு ஓட்டினேன். பார்க்கிற மோடுல, மெனுவுக்குள்ள டி.பி.சி.ன்னே ஒரு வரி. அதை ஆன் பண்ணினதும் குச்சி தடைன்னு வாயே திறக்கலை, முழுசா ஏறிடுச்சு.

தர்மபுரி, ஸ்டுடியோக்காரர்:
ஓசூர்க்காரர் சொன்னதைப் படிச்சதும் எனக்கு ஒண்ணு தோணுச்சு. கல்யாண மிக்ஸிங்குக்கு வாங்கின பழைய வீடியோ மிக்ஸர் துணி போர்த்தி மூலையில கிடக்குது. ரெண்டு கேமராவைக் கலக்கணும்னா ரெண்டோட சிங்க்கும் ஒத்துப்போகணும். அதுக்காக அந்த மாதிரி மிக்ஸருக்குள்ள ஃப்ரேம் சிங்க்ரனைசர் இருக்கும். வர்ற படத்தை மெமரியில வாங்கி, புது சிங்க்கோட வெளியே அனுப்பும். டெக்குக்கும் ரெக்கார்டருக்கும் நடுவுல அதை மாட்டினேன். தாலி கட்டுற இடம் தாண்டி, மொய் எழுதுற வரைக்கும் நிக்காம ஏறுச்சு. படத்துல கீறல் அப்படியேதான் இருக்கு, அது மிக்ஸரால போகாது. வெறும் பட்டனைத் தட்டி மாத்துற செலக்டர் பெட்டியில இந்த வேலை நடக்காது.

காரிமங்கலம்:
அப்போ டிஸ்க்குக்கு என்னங்க சொல்றீங்க? 2008ல ஸ்டுடியோவுல ரைட் பண்ணிக் கொடுத்த டி.வி.டி.யை இப்போ காப்பி எடுத்தா, அதுவும் காப்பி ப்ரொடெக்ஷன்னு சொல்லுது.

கிருஷ்ணகிரி:
அது நிச்சயமாப் பொய். சினிமா டி.வி.டி.யில போடுற சி.எஸ்.எஸ். பூட்டைக் கடையில விக்கிற சாதாரண வெற்று டிஸ்க்கான டி.வி.டி.-ஆர்ல போடவே முடியாது. சாவி எழுதுற இடத்தைத் தொழிற்சாலையிலேயே அடைச்சுத்தான் அனுப்புறாங்க. டிஸ்க் கீறியிருக்கும், இல்லை சாயம் வெளுத்திருக்கும். படிக்க முடியாத இடம் வந்தா சில காப்பி சாஃப்ட்வேர் பூட்டுன்னு சொல்லிடும். நடுவுல இருந்து ஓரத்தை நோக்கித் துடைச்சு, வேற டிரைவ்ல, வேகத்தைக் குறைச்சுப் படிச்சுப் பாருங்க. ஹேண்டிகேம்ல ஓடுற சின்ன 8 செ.மீ. டிஸ்க்கா இருந்தா ஃபைனலைஸ் பண்ணாம, அதாவது மத்த மெஷின் படிக்கிற மாதிரி பதிவை முடிச்சு மூடாம விட்டிருப்பாங்க. அதே கேமராவுல போட்டு ஃபைனலைஸ் கொடுத்தாலே கம்ப்யூட்டர் எடுத்துக்கும்.

அரூர்:
ஸ்டுடியோ அண்ணா, அந்த மிக்ஸர் வாடகைக்குக் கிடைக்குமா?

தர்மபுரி, ஸ்டுடியோக்காரர்:
வாடகைக்கு வேண்டாம்ங்க, கேசட்டை எடுத்துட்டு வாங்க. இந்த ஞாயிறு மட்டும் வேண்டாம், முகூர்த்த நாள்.