ஏசி அறையில் கார்பன் டை ஆக்சைடு 2,600 காட்டுகிறது, பியூரிஃபையர் வாங்கலாமா?

மூன்றாம்மாடி:

வணக்கம். மேடவாக்கத்தில் ஒரு அடுக்குமாடியில் மூன்றாவது மாடியில் இருக்கிறோம். ஏசி ஒரே ஒரு அறையில்தான். அதனால் ஏப்ரல் பிறந்ததிலிருந்து அம்மா, நான், எட்டு வயது மகள் மூன்று பேரும் அங்கேதான் படுக்கிறோம். கணவருக்கு இரவு ஷிப்ட்.

காலையில் எழும்போதே எனக்குத் தலை பாரமாக இருக்கிறது. மகளை நாலு தடவை எழுப்ப வேண்டியிருக்கிறது, எழுந்தாலும் முகம் தெளியாமல் அப்படியே உட்கார்ந்திருக்கிறாள். அம்மாவுக்கு வீசிங் உண்டு. முன்பெல்லாம் மழைக்காலத்தில்தான் வரும். இப்போது கோடையிலேயே விடியற்காலை நான்கு மணிக்கு இருமல் ஆரம்பித்துவிடுகிறது. ஏசி குளிர்தான் காரணம் என்று அவரே முடிவு செய்து, தலைக்குத் துண்டு கட்டிக்கொண்டு படுக்கிறார்.

கூட வேலை பார்க்கும் தோழி காற்றுத் தரம் பார்க்கும் சின்ன மீட்டர் ஒன்றைக் கொஞ்ச நாளைக்குக் கொடுத்திருக்கிறாள். இரவு பத்தரைக்கு நான் படுக்கும்போது கார்பன் டை ஆக்சைடு 1,100 பிபிஎம், அதாவது பத்து லட்சம் பங்கு காற்றில் 1,100 பங்கு. காலை ஆறு மணிக்கு 2,600. ஐந்து நாளாக இதேதான், ஐம்பது நூறு முன்னே பின்னே. பிஎம் 2.5, அதாவது காற்றில் மிதக்கும் நுண்தூசி, படுக்கும்போது ஒரு கன மீட்டருக்கு 390 மைக்ரோகிராம் இருக்கிறது, காலையில் 45க்கு வந்துவிடுகிறது. தானே இறங்குவதால் அது பிரச்சினை இல்லை என்று நினைக்கிறேன்.

அறை 11க்கு 12 அடி, உயரம் ஒன்பதரை. யூபிவிசி ஜன்னல், இழுத்து மூடினால் தெருச் சத்தம்கூட உள்ளே வராது. ஏர் பியூரிஃபையர் 14,000 ரூபாய் சொல்கிறார்கள். வாங்கினால் இந்த 2,600 இறங்குமா? இது ஆபத்தான அளவா?

தோட்டத்துமாமா:

அம்மா, ஏசியை நிறுத்திவிட்டு ஜன்னலைத் திறந்து படுங்கள். மூடிய அறையில் நம் மூச்சையே நாம் திரும்ப இழுக்கிறோம். முடியவில்லை என்றால் ஸ்நேக் பிளான்ட் நான்கு தொட்டி வாங்கி அறையில் வையுங்கள். இரவிலும் ஆக்சிஜன் தரும் என்கிறார்கள். எங்கள் வீட்டில் வைத்திருக்கிறோம், மனதுக்கே நன்றாக இருக்கிறது.

அடுப்பங்கரை:

தோழி, முதலில் பயத்தை இறக்கி வையுங்கள். 2,600 விஷ அளவு இல்லை. எட்டு மணி நேர வேலை நாளுக்குத் தொழிலிடங்களில் வைத்திருக்கும் வரம்பே 5,000 பிபிஎம். ஆனால் அதற்காக விட்டுவிடவும் முடியாது. இந்த எண் உங்கள் அறையைப் பற்றி வேறொன்று சொல்கிறது.

1858இல் மியூனிக்கில் மாக்ஸ் பெட்டன்கோஃபர் என்ற சுகாதார அறிஞர் 1,000 பிபிஎம் என்று ஒரு கோடு போட்டார். அந்த வாயு அந்த அளவிலேயே கெடுதல் என்பதற்காக அல்ல. ஆட்கள் இருக்கும் அறையில் அது ஏறினால், மற்றதெல்லாமும் கூடவே தேங்குகிறது என்று பொருள். அறையில் காற்று மாறுகிறதா இல்லையா என்பதற்கு அதை ஒரு அடையாளமாக வைத்தார். இன்றைக்கும் பலர் அதே 1,000ஐத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள்.

உங்கள் அறைக்குக் கணக்குப் போட்டேன். அறையின் கொள்ளளவு ஏறத்தாழ 35,000 லிட்டர். தூங்கும் பெரியவர் ஒரு மணி நேரத்தில் சுமார் 12 லிட்டர் கார்பன் டை ஆக்சைடு விடுவார், குழந்தைக்கு 8 என்று வைத்துக்கொள்வோம். மூன்று பேருக்கும் 32 லிட்டர். ஒரு பொட்டுக் காற்றுகூட வெளியே போகாவிட்டால் மணிக்கு 900 பிபிஎம் ஏறி, காலையில் 7,000ஐத் தாண்டியிருக்கும். 2,600இல் நிற்கிறது என்றால், கதவிடுக்கு வழியாகச் சுமார் இரண்டரை மணி நேரத்துக்கு ஒரு முறை காற்று மாறுகிறது. மூன்று பேருக்கு இது போதாது. 1,000 பக்கம் கொண்டுவர இதுபோல நான்கு மடங்கு வேண்டும். கேட்கப் பெரிதாகத் தெரியும், ஆனால் ஜன்னலை இரண்டு விரல் அளவு திறந்தாலே பெரும்பாலும் கிடைத்துவிடும்.

பியூரிஃபையர் தூசியைப் பிடிக்கும், இந்த வாயுவைப் பிடிக்காது. 14,000 கொடுத்த பிறகும் 2,600 அப்படியே இருக்கும்.

மாமா சொன்ன செடியும் அப்படித்தான். கண்ணுக்கு நல்லது, வையுங்கள். ஆனால் செடி காற்றைச் சுத்தமாக்கும் என்பது இறுக்கி மூடிய சின்னப் பெட்டிக்குள் செய்த சோதனைகளிலிருந்து வந்த பேச்சு. 2019இல் அந்தச் சோதனைகளையெல்லாம் சேர்த்துக் கணக்கிட்டபோது, ஜன்னல் வழியாக வரும் காற்று செய்யும் வேலையைச் செடிகள் செய்ய ஒரு சதுர மீட்டர் தரைக்குக் குறைந்தது 10 செடி, கூடினால் 1,000 செடி வேண்டும் என்று வந்தது. அதுகூட வேறு வாயுக்களுக்கான கணக்கு.

மீட்டரையும் ஒரு தடவை சோதித்துவிடுங்கள். மொட்டைமாடிக்குக் கொண்டுபோய்ப் பத்து நிமிடம் வைத்தால் 420, 450 பக்கம் காட்ட வேண்டும். அப்புறம் அதன் பக்கத்தில் கொஞ்சம் சானிடைசரைத் திறந்து பிடியுங்கள். கார்பன் டை ஆக்சைடு எண் சட்டென்று ஏறினால் அது அந்த வாயுவை அளக்கவில்லை, வேறு ஆவிகளைப் பார்த்து ஊகித்துச் சொல்கிறது.

இதெல்லாம் சரி. எனக்கு உறுத்துவது நீங்கள் ஒரு வரியில் தாண்டிப்போன அந்த 390. சென்னையில் ஏப்ரல் மாத வெளிக்காற்று அவ்வளவுக்குப் போகாது. பத்தரைக்கு முன்னால் அந்த அறையில் என்ன கொளுத்துகிறீர்கள்? யார் கொளுத்துகிறார்கள்?

கூலிங்சர்வீஸ்:

மேடம், இருபது வருடமாக ஏசி வேலை பார்க்கிறேன். பலருக்குத் தெரியாத ஒன்று: ஸ்பிளிட் ஏசி வெளியிலிருந்து காற்றே எடுக்காது. அறையில் இருக்கும் காற்றைத்தான் இழுத்துக் குளிரவைத்து அறைக்கே விடும். வெளியே இருக்கும் யூனிட்டுக்கும் உள்ளே இருப்பதற்கும் நடுவில் செம்புக் குழாயில் போவது கேஸ், காற்று அல்ல. பழைய விண்டோ ஏசி பலவற்றில் வென்ட் என்று ஒரு சின்ன நெம்பு இருக்கும், அதைத் திறந்தால் கொஞ்சம் காற்று மாறும். ஸ்பிளிட்டில் அதுவும் இல்லை.

அறையோடு சேர்ந்த பாத்ரூமில் எக்ஸாஸ்ட் ஃபேன் இருந்தால் பாத்ரூம் கதவைக் கொஞ்சம் திறந்து வைத்து அதை ஓடவிடுங்கள். ஹாலிலிருந்து கதவுக்கு அடியில் காற்று இழுக்கும். ஹால் ஜன்னல் திறந்திருக்க வேண்டும். பாத்ரூமில் கேஸ் கீசர் இருந்தால் மட்டும் இதைச் செய்யாதீர்கள், அந்தப் புகை உள்பக்கம் திரும்பினால் உயிருக்கே ஆபத்து. கரண்ட் கீசர் என்றால் கவலை இல்லை.

நம் ஊர் வெளிக்காற்றில் ஈரம் அதிகம், அதனால் ஏசிக்கு வேலை கூடும், பில்லும் கொஞ்சம் கூடும். அதற்கு 26இல் வைத்து சீலிங் ஃபேனை மெதுவாக ஓடவிடுங்கள். காற்று மேலே பட்டாலே உடம்புக்கு இரண்டு டிகிரி குறைந்த மாதிரி இருக்கும். ஒரு டிகிரி ஏற்றினால் சுமார் 6 சதவீதம் கரண்ட் மிச்சம் என்று ஸ்டார் லேபிள் கொடுக்கும் பிஇஇயே சொல்கிறது. 2020லிருந்து புது ஏசிகள் 24இல்தான் தொடங்க வேண்டும் என்று வைத்ததும் அதற்காகத்தான்.

மூன்றாம்மாடி:

மொட்டைமாடியில் 438. சானிடைசருக்கு அசையவில்லை. கீசர் கரண்ட்தான்.

அடுப்பங்கரை அக்கா, கொசுவர்த்திச் சுருள். எங்கள் பகுதியில் கொசு தாங்காது. அம்மா ஒன்பது மணிக்கு ஏற்றி பீரோ மேல் தட்டில் வைத்து, ஏசி போட்டு, கதவைச் சாத்திவிட்டு மகளைத் தூங்க வைப்பார். அவள் தூங்கியதும் சுருளை அணைத்துவிடுவார். நான் சமையலறை வேலையை முடித்து பத்தரைக்குத்தான் போவேன். நீங்கள் கேட்ட பிறகுதான் பீரோவுக்குப் பின்னால் டார்ச் அடித்துப் பார்த்தேன். வெள்ளைச் சுவரில் தட்டு அகலத்துக்குத் தேநீர்க் கறை மாதிரி மேலே ஏறியிருக்கிறது. வீடு புதிதாகப் பெயின்ட் அடித்து இரண்டு வருடம்தான்.

அடுப்பங்கரை:

அந்தச் சுவர்தான் தோழி. அந்தப் புகையில் ஒரு பங்கு உங்கள் அம்மாவின் நெஞ்சுக்குள்ளும் போயிருக்கிறது. மன்னியுங்கள், மென்மையாகச் சொல்லத் தெரியவில்லை.

ஏன் கேட்டேன் என்று சொல்கிறேன். பல வருடம் முன்பு விழுப்புரம் பக்கக் கிராமங்களில் விறகடுப்புப் புகை பற்றிய ஆய்வில் களப்பணியாளராக இருந்தேன். ஒரு சின்ன பம்ப் இடுப்பில், அதிலிருந்து ஒரு குழாய் தோள்வரை, அதன் நுனியில் நாணயம் அளவுக்கு வெள்ளை ஃபில்டர். காலையில் மாட்டிவிட்டு மறுநாள் காலையில் போய்க் கழற்றுவோம். போகும்போது பால் வெள்ளை, வரும்போது நடுவில் கண்மை அப்பிய மாதிரி இருக்கும். எங்களுக்கு மேலே இருந்தவர் திரும்பத் திரும்ப ஒன்றே சொல்வார்: சமையலறையை அளந்தால் மட்டும் போதாது, ஆளை அள.

அது எனக்குப் புரிந்தது ஒரு பாட்டியால். அவர் சமைப்பதில்லை. மருமகள் சமைப்பார், இவர் சமையலறை வாசற்படியில் கால் நீட்டி உட்கார்ந்து பேசிக்கொண்டே கீரை ஆய்வார். அவருக்கு ஒன்றும் வராது என்று நினைத்தோம். கழற்றிப் பார்த்தால் மருமகள் ஃபில்டருக்கும் அவர் ஃபில்டருக்கும் என் கண்ணுக்கு வித்தியாசமே தெரியவில்லை. மருமகளாவது நடுநடுவே தண்ணீர் எடுக்க வெளியே போய் வந்தார். பாட்டி அந்தப் படியை விட்டு எழுந்திருக்கவே இல்லை.

உங்கள் வீட்டில் நீங்கள் பத்தரைக்குப் போகிறீர்கள், மீட்டரையும் அப்போதுதான் பார்க்கிறீர்கள். ஒன்பதிலிருந்து பத்தரை வரை, சுருள் எரியும்போதும் அணைத்த பிறகும், சாத்திய அறைக்குள் இருப்பது அம்மாவும் குழந்தையும். சுருள் எரியும் நேரத்தில் எண் என்ன என்று நாளைக்கு ஒருநாள் பாருங்கள். 390ஐ விடக் கூடவே இருக்கும் என்று நினைக்கிறேன்.

சுருளைப் பற்றி 2003இல் ஒரு ஆய்வு வந்தது. சீனாவிலும் மலேசியாவிலும் விற்ற சுருள்களைக் கொளுத்தி அளந்தார்கள். ஒரு சுருள் முழுக்க எரிந்தால் வரும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட்டுக்குச் சமம். ஃபார்மால்டிஹைடு சில சுருள்களில் 51 சிகரெட் அளவுக்கு வந்தது. மருந்து அதில் துளிதான், மீதியெல்லாம் மரத்தூளும் அது போன்றவையும். அது கனன்றால் விறகு கனன்ற மாதிரிதானே.

ஒப்பிட்டுப் பார்க்க ஒன்று சொல்கிறேன். விழுப்புரம், நாகப்பட்டினம் பக்கமும், குவாதமாலா, பெரு, ருவாண்டாவிலும் 3,200 கர்ப்பிணிகளை வைத்து ஹாப்பின் என்ற ஆய்வு நடந்தது, 2022இல் முடிவு வந்தது. விறகு போன்றவற்றில் சமைத்த பெண்கள் ஒரு நாளில் சுவாசித்த பிஎம் 2.5இன் நடுமதிப்பு 70 பக்கம், கேஸ் கொடுத்த வீடுகளில் 24 பக்கம். (பிறந்த குழந்தைகளின் எடையில் சொல்லும்படியான வித்தியாசம் வரவில்லை. அந்தச் செய்தி படித்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.) அந்த 70 என்பது ஒரு நாள் முழுதுக்குமான சராசரி, உங்கள் 390 ஒரு நேரத்து அளவு, இரண்டும் ஒரே கணக்கு இல்லை. ஆனாலும் கேஸ் அடுப்பு, டைல்ஸ், ஏசி எல்லாம் உள்ள வீட்டில் இந்த எண் வரக்கூடாது. உலக சுகாதார நிறுவனம் 24 மணி நேரச் சராசரிக்கு வைத்திருப்பது 15, நம் நாட்டு வரம்பு 60.

மூடிய அறையும் சுருளும் சேர்ந்ததுதான் வினை. 2,600 சொன்னதும் இதைத்தான்: இந்த அறைக்குள் போனது சீக்கிரம் வெளியே போகாது.

கட்டிலுக்குக் கொசுவலை கட்டுங்கள், ஜன்னலுக்கும் வலை அடியுங்கள். லிக்விட் மெஷினில் புகை இல்லை, ஆனால் மருந்து காற்றில் இருக்கும், வீசிங் உள்ளவர் தலைமாட்டில் வேண்டாம். அம்மாவை நெஞ்சு டாக்டரிடம் காட்டும்போது சுருள் விஷயத்தை மறக்காமல் சொல்லுங்கள், அவர்களாகக் கேட்பது குறைவு.

மூன்றாம்மாடி:

இரண்டு வாரம் கழித்து எழுதுகிறேன். அன்றிரவே ஒன்பதரைக்கு மீட்டரை எடுத்துப் போனேன். 940. மகள் அப்போதுதான் தூங்கியிருந்தாள். கையை மூக்கின் மேல் வைத்திருந்தாள்.

சுருளை நிறுத்திவிட்டோம். ஜன்னலுக்கு வலை அடிக்க 1,800 ரூபாய் ஆனது, கட்டிலுக்கு வலை 650. ஏசி 26, ஃபேன் இரண்டில். ஜன்னல் இரண்டு விரல் திறப்பு. காலையில் 1,050 காட்டுகிறது, மழை வந்து ஜன்னலை மூடிய ஒருநாள் 2,400. அன்று எக்ஸாஸ்ட் போட மறந்துவிட்டேன். பிஎம் 2.5 படுக்கும்போது 38.

எனக்குத் தலைபாரம் குறைந்திருக்கிறது. டாக்டர் அம்மாவுக்கு இன்ஹேலரும் மாற்றிக் கொடுத்திருக்கிறார், அதனால் எது எவ்வளவு வேலை செய்தது என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. நான்கு மணி இருமல் இந்த வாரம் இரண்டு நாள்தான். ஆனால் அம்மா மனதை ஆற்ற முடியவில்லை. "பிள்ளைக்குக் கொசு கடிக்கக்கூடாதுன்னுதானே வச்சேன்" என்று நாலைந்து தடவை சொல்லிவிட்டார். வெள்ளிக்கிழமை சாம்பிராணி மட்டும் வேண்டும் என்கிறார். என்ன செய்யலாம்?

அடுப்பங்கரை:

அம்மாவிடம் சொல்லுங்கள், அந்தப் பாட்டி வீட்டில் மருமகளும் பிள்ளைகளுக்குச் சோறு ஆக்கத்தான் அடுப்பு மூட்டினாள்.

சாம்பிராணி சாயங்காலம் போடட்டும், ஹால், பால்கனிக் கதவு எல்லாம் திறந்திருக்கும்போது. படுக்கை அறைக்குள் தூபக்கால் போக வேண்டாம். போட்டு முடிந்து ஒரு மணி நேரம் கதவுகள் திறந்தே இருக்கட்டும். அந்த நேரம் அம்மா பக்கத்து வீட்டில் உட்கார்ந்து பேசிவிட்டு வரட்டும், தூபம் காட்டுவதை நீங்களோ மகளின் அப்பாவோ செய்யுங்கள். மீட்டரைத் திருப்பிக் கொடுப்பதற்குள் ஒரு வெள்ளிக்கிழமை அளந்து, எண்ணை இங்கே போடுங்கள்.