மறுமொழி: ‘பூஸ்டர் பம்பிங் ஸ்டேஷன்’ தமிழில் என்ன?

> ஊக்கி நிலையம் என்று வைத்துக்கொள்வோமே. தடுப்பூசியிலும் பூஸ்டருக்கு ஊக்கத் தவணைதானே?

ஐயா, வணக்கம். குடிநீர்க் குழாயில் நடுவழியில் தளர்ந்த அழுத்தத்தைக் கூட்டித் தள்ளுகிற பூஸ்டர் நிலையத்தை ‘ஊக்கி’ என்பதில் எனக்கு உடன்பாடில்லை. வினையூக்கி, வளர்ச்சியூக்கி என்று ஊக்கிக்கு ஏற்கெனவே கைநிறைய வேலை இருக்கிறது. ‘ஊக்கி நிலையம்’ என்ற பலகையைப் பார்ப்பவர், தண்ணீரில் ஏதோ மருந்து கலக்கிறார்கள் என்று நினைப்பார். பூஸ்டர்கள் சிலவற்றில் குளோரினும் போடுவார்கள் என்பதால் குழப்பம் இரட்டிப்பு.

> நீரேற்று நிலையம் போதாதா?

போதாது. ஆற்றிலிருந்து எடுப்பதும் அதுதான், சாக்கடையைத் தள்ளுவதும் (‘கழிவுநீரேற்று நிலையம்’ என்று முன்னால் ‘கழிவு’ சேர்த்து) அதுதான். பூஸ்டரில் தண்ணீர் ஏற்கெனவே அழுத்தத்தோடு கிளம்பி வந்தது, நடுவழியில் தளர்ந்தது. உராய்வு செய்கிற வேலை. ஒரே குழாயில் இரு மடங்கு தண்ணீர் ஓடினால் அழுத்த இழப்பு மூன்றரை மடங்கைத் தாண்டும். புறநகரில் மனை போடப் போட, பழைய குழாயிலேயே இணைப்பு கொடுத்துக்கொண்டு போனால் கடைசித் தெருவில் குழாய் காற்றைத்தான் ஊதும்.

எங்கள் பகுதி பூஸ்டரில் ஒருநாள் காலை நின்று பார்த்தேன். ஆபரேட்டர் அழுத்தம் காட்டும் கேஜின் கண்ணாடியைத் துடைத்துவிட்டு, “அரைக் கிலோதான் சார் வருது. ரெண்டரையாக் கூட்டி விட்டாத்தான் கடைசித் தெரு ஏறும்” என்றார். அவர்கள் பேச்சில் ஒரு கிலோ என்றால் ஏறக்குறைய 10 மீட்டர் உயரத் தண்ணீரின் அழுத்தம். ‘கூட்டி’! நாம் தேடுகிற சொல் அவர் வாயிலேயே இருக்கிறது.

ஆகவே என் முன்மொழிவு: அழுத்தங்கூட்டி நிலையம். மரங்கொத்தி போலப் புணர்ந்தது, ‘அழுத்தக்கூட்டி’ வேண்டாம்.

ஒரு சிக்கல். மேலே சொன்னது குழாயிலிருந்து நேரே குழாய்க்குத் தள்ளுவது. வந்த அரையோடு பம்ப் இரண்டைச் சேர்த்தால் போதும். சம்ப் (தரைக்கடித் தொட்டி) உள்ள இடத்தில் தண்ணீர் தொட்டியில் விழுந்ததும் அந்த அரையும் போய்விடும். இரண்டரையையும் முதலிலிருந்து உண்டாக்க வேண்டும், கரண்டும் அதற்கேற்ப. அது கூட்டல் இல்லை. அதற்கு ‘இடையேற்று நிலையம்’ பொருந்தும்.

பிறகு ஏன் சம்ப் என்று கேட்கலாம். தண்ணீர் முறைவைத்து வரும் ஊரில் தேக்கிவைக்க இடம் வேண்டும். நேரே உறிஞ்சினால் பின்னால் உள்ள தெருக்களில் அழுத்தம் விழும். பூஜ்ஜியத்துக்குக் கீழே போனால் கசிவு உள்ள இணைப்பு வழியே சாக்கடை நீர் உள்ளே வரும். வீட்டு இணைப்பில் மோட்டார் மாட்டக் கூடாது என்பதும் இதனால்தான். (மாட்டாத வீடு எது என்று கேட்காதீர்கள்.)

> வீராணம் குழாயில் எத்தனை பூஸ்டர்?

வீராணம் ஏரித் தண்ணீரைச் சென்னைக்குக் கொண்டுவர 2004-இல் வந்த அந்தத் திட்டத்தில் வடக்குத்து சுத்திகரிப்பு நிலையத்திலிருந்து கடம்புலியூர் தொட்டிவரை சுமார் 8 கிலோமீட்டர்தான் பம்ப். அங்கிருந்து போரூர்வரை ஏறத்தாழ 200 கிலோமீட்டர் தண்ணீர் தன் இறக்கத்திலேயே ஓடிவருகிறது. போரூரில் மறுபடி பம்ப். கடம்புலியூரில் இருப்பது ‘பிரேக் பிரஷர் டேங்க்’, அதாவது குழாயின் அழுத்தத்தைத் தணித்துவிடும் தொட்டி. நம் சொல் நிலைத்தால் அதை ‘அழுத்தந்தணி தொட்டி’ எனலாம்.

வார்டு அறிவிப்பில் வைத்துப் படித்துப் பார்த்தேன்: “அழுத்தங்கூட்டி நிலையத்தில் பராமரிப்புப் பணி. நாளை மாலை குடிநீர் வராது.” நாக்கு தடுக்கவில்லை. ‘இடையேற்று’தான் கொஞ்சம் மொட்டையாக நிற்கிறது, யாராவது திருத்துங்கள். சம்ப்பை மட்டும் சம்ப்பாகவே விட்டுவிடுவோம். ‘தொட்டி’ என்றால் ஆபரேட்டர் மேலே பார்ப்பார்.