ஓசூர் அடுக்குமாடி சங்கம்: புதுக் குழு பொறுப்பேற்கும்போது எதையெல்லாம் எழுதி வாங்க வேண்டும்?

தளிரோடு64 கேட்டது:

ஓசூரில் 3 பிளாக், 64 வீடு. சங்கம் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தில் பதிவானது. இந்த மாதப் பொதுக்குழுவில் 7 பேர் புதிதாகத் தேர்வாகியிருக்கிறோம், யாருக்கும் முன் அனுபவம் இல்லை. பராமரிப்புக் கட்டணம் வீட்டுக்கு மாதம் 3,200. உரிமையாளர்களில் பாதிப் பேர் பெங்களூருவில் இருக்கிறார்கள், அவர்கள் வீடுகளில் வாடகைக்காரர்கள். வீடுகளை பில்டர் ஒப்படைத்து 4 வருடம் 4 மாதம் ஆகிறது. பழைய குழு "சாவிக்கொத்தும் பேங்க் பாஸ்புக்கும் வாங்கிக்கோங்க, அவ்வளவுதான்" என்கிறது. வேறு என்ன வாங்க வேண்டும்? முதல் இரண்டு மாதத்தில் தள்ளிப்போடக் கூடாத வேலை எது?

பாகலூர்வாசி:

பாஸ்புக்கோடு திருப்தி அடையாதீர்கள் சார். ஒப்படைப்புக் குறிப்பு ஒன்று இரண்டு பிரதி தயாரித்து, பழைய செயலாளர், பொருளாளர், புதிய செயலாளர், பொருளாளர் என நான்கு பேரும் எல்லாப் பக்கத்திலும் கையெழுத்துப் போட வேண்டும். பதிவுச் சான்றிதழ், துணைவிதி (சங்கத்தின் விதிப் புத்தகம்), உறுப்பினர் பதிவேடு, தீர்மானப் புத்தகம், ரசீதுப் புத்தகங்கள் (எழுதாதவையும் எண் வரிசையோடு), பான் அட்டை, தணிக்கை அறிக்கைகள், ஃபிக்சட் டெபாசிட் ரசீதுகள் எல்லாம் அதில் வர வேண்டும். ஒப்படைக்கும் நாளில் பேங்க் இருப்பு, கைரொக்கம், எந்த வீடு எவ்வளவு பாக்கி, சங்கம் யாருக்கு எவ்வளவு தர வேண்டும் என்ற நான்கு தொகைகளும் அவசியம். பாக்கிப் பட்டியல் இல்லாமல் பொறுப்பேற்றால், "நான் பழைய பொருளாளரிடம் ரொக்கமாகக் கொடுத்தேன்" என்று ஒருவர் சொல்லும்போது உங்களிடம் பதில் இருக்காது.

காகிதத்தில் இல்லாதவைதான் பெரும்பாலும் விட்டுப்போகும். நெட்பேங்கிங் பயனர், ஓடிபி போகும் கைபேசி எண், சிசிடிவி கடவுச்சொல், வருமான வரி தளத்தின் உள்நுழைவு, பொது மின் இணைப்பு எண்கள், வாட்ஸ்அப் குழுவின் அட்மின். செக்யூரிட்டி அறையில் க்யூஆர் அட்டை ஒட்டியிருந்தால், அது சங்கக் கணக்குக்கா தனிநபர் எண்ணுக்கா என்று ஒரு ரூபாய் அனுப்பிப் பாருங்கள்.

அடுத்து பதிவாளர். நிர்வாகிகள் மாறியதை 3 மாதத்துக்குள் படிவம் 7-ல் மாவட்டப் பதிவாளரிடம் தாக்கல் செய்ய வேண்டும். இது நின்றுபோனால் பேங்கில் கையெழுத்து மாற்றமும் பெரும்பாலும் நின்றுவிடும். தேர்வுத் தீர்மானத்தின் நகலையும் தாக்கல் செய்ததற்கான சான்றையும் கையோடு கொண்டுபோங்கள். குழுவின் பதவிக்காலம் சட்டப்படி 3 ஆண்டைத் தாண்டக் கூடாது (மீண்டும் போட்டியிடலாம்). நிதியாண்டு முடிந்து 6 மாதத்துக்குள், அதாவது செப்டம்பர் 30-க்குள், பொதுக்குழு கூட்டியாக வேண்டும்.

துணைவிதியையும் ஒருமுறை முழுக்கப் படியுங்கள். அது 1994 அடுக்குமாடி உரிமைச் சட்டத்தைச் சுட்டி எழுதப்பட்டிருந்தால் திருத்தம் தேவை. அதன் இடத்தில் 2022 சட்டம் வந்து, 2024 மார்ச்சில் நடைமுறைக்கும் வந்துவிட்டது.

சம்ப்_அளவு:

4 வருடம் 4 மாதம் என்கிறீர்களே, மற்ற எல்லாவற்றையும் விட அவசரம் அதுதான். ரெரா (வீடு, மனை விற்பனை ஒழுங்குமுறை) சட்டத்தின் 14(3) பிரிவுப்படி, வீடு ஒப்படைத்த நாளிலிருந்து 5 வருடத்துக்குள் கட்டமைப்பு, வேலைத்தரம் சார்ந்த குறைகளை எழுதிக் கொடுத்தால், பில்டர் 30 நாளில் செலவு வாங்காமல் சரிசெய்ய வேண்டும். உங்களுக்கு மிச்சம் 8 மாதம். மழை ஓய்ந்த மறுநாள் மொட்டைமாடி, லிஃப்ட் குழி, பேஸ்மென்ட் சுவர், குழாய் டக்ட் எல்லாவற்றையும் பாருங்கள். ஈரம் தெரிவது அன்றைக்குத்தான். ஒவ்வொரு குறைக்கும் இடம், தேதியோடு படம் எடுத்து, ஒரே கடிதமாக ஒப்படைப்புச் சான்றுடன் ஸ்பீட் போஸ்டில் அனுப்புங்கள். போனில் சொன்னதும் வாட்ஸ்அப்பில் எழுதியதும் போதும் என்று இருந்துவிடாதீர்கள். பில்டர் அலுவலகம் பெங்களூருவில் இருந்தாலும் கட்டடம் ஓசூரில் இருப்பதால் புகார் தமிழ்நாடு ரெராவுக்கே போகும். அதே கடிதத்தில் அனுமதி வரைபடம், குழாய் மற்றும் மின் வரைபடங்கள், பணி நிறைவுச் சான்று, பொது இடங்களுக்கான பத்திரம் ஆகியவற்றையும் கேளுங்கள். வரைபடம் கையில் இல்லாவிட்டால் நாளைக்கு ஒரு கசிவைத் தேட நான்கு இடத்தில் டைல்ஸை உடைக்க வேண்டி வரும்.

தண்ணீர். டேங்கர் லாரிக்காரர் சொல்லும் அளவை அப்படியே நோட்டில் எழுதாமல் சம்ப்பில் (தரையடித் தொட்டியில்) அளந்து எழுதுங்கள். சம்ப் உள்ளளவு 5 மீட்டருக்கு 4 மீட்டர் என்றால் 1 செ.மீ. உயரத்துக்கு 200 லிட்டர். 12,000 லிட்டர் லோடு இறங்கினால் மட்டம் 60 செ.மீ. ஏற வேண்டும். இறக்கும்போது மோட்டாரை நிறுத்திவைக்கச் சொல்லுங்கள், இல்லையென்றால் கணக்கு தப்பும். போர் தண்ணீரை ஃப்ளோரைடுக்குத் தனியாகச் சோதியுங்கள். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்கு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே அந்தப் பிரச்சினையால்தான். கரைந்த உப்பின் மொத்த அளவைக் காட்டும் கையடக்க டிடிஎஸ் மீட்டரில் ஃப்ளோரைடு தெரியாது, காய்ச்சினாலும் போகாது. 10 நிமிடம் போரை ஓடவிட்டு மாதிரி எடுத்து, குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் கொடுங்கள். லிட்டருக்கு 1 மி.கி.க்குள் இருப்பது நல்லது, 1.5-ஐத் தாண்டினால் குடிக்க ஆகாது.

லிஃப்ட் ஒப்பந்தத்தில் கம்பிக்கயிறு, கன்ட்ரோல் கார்டு, மின்தடையில் அடுத்த தளத்துக்குக் கொண்டுவந்து நிறுத்தும் கருவியின் பேட்டரி ஆகிய மூன்றும் அடக்கமா என்று பாருங்கள். மலிவான ஒப்பந்தங்களில் பெரும்பாலும் விலக்கப்படுவது இவைதான்.

கழிவுநீர்த் தொட்டிக்குள் எந்தக் காரணத்துக்காகவும் ஆளை இறக்க அனுமதிக்காதீர்கள். கையால் கழிவகற்றுவதைத் தடைசெய்யும் 2013 சட்டப்படி முதல் முறைக்கே 2 வருடம் வரை சிறை அல்லது 2 லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். தொட்டி வாயு சில நிமிடத்தில் ஆளைக் கொன்றுவிடும். உறிஞ்சும் லாரிதான் வர வேண்டும். அடியில் சேறு இறுகியிருந்தால் தண்ணீர் பீய்ச்சிக் கரைத்து எடுக்கச் சொல்லுங்கள். இதைச் செக்யூரிட்டிக்கும் எழுத்தில் கொடுங்கள், குழு ஆள் இல்லாத நேரத்தில்தான் விபரீதம் நடக்கும்.

தளிரோடு64:

மிக்க நன்றி. குறைப் பட்டியலை இந்த வாரமே தொடங்குகிறோம். இன்னொன்று: ஆண்டு வசூல் 24 லட்சத்தைத் தாண்டுகிறது. ஜிஎஸ்டி பதிவு வேண்டுமா? மொட்டைமாடியில் செல்போன் டவர் வைக்கவும் ஒருவர் கேட்கிறார்.

வரவுசெலவு:

ஒரு வீட்டுக்கு மாதம் 7,500 வரை பராமரிப்புக் கட்டணத்துக்கு ஜிஎஸ்டி விலக்கு உண்டு. உங்கள் வருமானம் அது மட்டும்தான் என்றால் பதிவு தேவையில்லை. டவர் வாடகை வந்தால் நிலைமை மாறும். அது வரிக்குரியது, பதிவுக்கான 20 லட்ச வரம்பைப் பார்க்கும்போது விலக்குள்ள வசூலையும் சேர்த்தே கணக்கிடுவார்கள். அதனால் வாடகை சிறிய தொகையாக இருந்தாலும் பதிவு தேவைப்படலாம். வாடகைக்கு 18 சதவீதம். டவருக்குச் சம்மதிக்கும் முன் இந்தச் செலவையும் பொதுக்குழுவில் சொல்லுங்கள்.

வருமான வரியில், உறுப்பினர்களிடமே வசூலித்து உறுப்பினர்களுக்கே செலவிடும் பணத்துக்கு வரி இல்லை. ஆனால் ஃபிக்சட் டெபாசிட் வட்டிக்கு அந்தச் சலுகை கிடையாது, பெங்களூர் கிளப் வழக்கில் 2013-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

பலரும் மறப்பது வரிப் பிடித்தம், அதாவது பில் தொகையில் ஒரு பகுதியை வருமான வரியாகப் பிடித்து அரசுக்குக் கட்டுவது. பதிவுபெற்ற சங்கம் என்பதால் செக்யூரிட்டி, லிஃப்ட், ஹவுஸ்கீப்பிங் ஒப்பந்தக்காரர்களுக்குக் கொடுக்கும்போது நீங்கள் பிடித்தாக வேண்டும். ஒரே பில் 30,000-ஐத் தாண்டினாலோ ஆண்டு மொத்தம் 1 லட்சத்தைத் தாண்டினாலோ தனிநபருக்கு 1 சதவீதம், நிறுவனத்துக்கு 2 சதவீதம். அடுத்த மாதம் 7-ம் தேதிக்குள் கட்ட வேண்டும், மார்ச்சில் பிடித்ததற்கு மட்டும் ஏப்ரல் 30 வரை. பிடித்துவிட்டுத் தாமதமாகக் கட்டினால் மாதம் ஒன்றரை சதவீத வட்டி. காலாண்டு அறிக்கை தவறினால் நாளுக்கு 200. டான் எண் (வரி பிடிப்பவருக்கான பதிவு எண்) இருக்கிறதா என்று முதலில் பழைய குழுவிடம் கேளுங்கள்.

மாதச் செலவும் பெரிய வேலைக்கான நிதியும் ஒரே கணக்கில் கிடந்தால் பிரித்துவிடுங்கள். 6 வருடத்துக்கு ஒருமுறை வெளிப்பூச்சு, செலவு 12 லட்சம் என்று வைத்தால் 64 வீட்டுக்கு மாதம் 260 ரூபாய். அதை இப்போதே தனிக் கணக்கில் போட்டுவந்தால் ஆறாவது வருடம் வீட்டுக்கு 18,750 கேட்டு யாரிடமும் நிற்க வேண்டாம்.

பாகலூர்வாசி:

செலவு அதிகாரத்தையும் முதல் குழுக் கூட்டத்திலேயே எழுதிவிடுங்கள்: செயலாளர் தனியாக 5,000 வரை, குழுத் தீர்மானத்தோடு 50,000 வரை, அதற்கு மேல் மூன்று கொட்டேஷனோடு பொதுக்குழு. இது உதாரணம்தான், துணைவிதியில் வேறு வரம்பு இருந்தால் அதன்படி. குழுவில் ஒருவரின் உறவினர் கொட்டேஷன் கொடுத்தால் அவர் அதைச் சொல்லிவிட்டு அந்த வாக்கிலிருந்து விலகட்டும்.

பாக்கி வைத்த வீட்டுக்குத் தண்ணீரை நிறுத்த யாராவது யோசனை சொல்வார்கள். செய்யாதீர்கள், வழக்கு உங்கள் மேல் திரும்பும். துணைவிதிப்படி வட்டி, எழுத்து நோட்டீஸ், அதன்பின் வசூல் வழக்கு. பெங்களூருவில் இருப்பவர்களுக்குக் கூட்ட அறிவிப்பை வாசல் பலகையில் ஒட்டினால் போய்ச் சேராது. துணைவிதி சொல்லும் நாள் கணக்குப்படி (பெரும்பாலும் 21) பதிவேட்டிலுள்ள முகவரிக்கும் மின்னஞ்சலுக்கும் அனுப்புங்கள், பதிலாள் வாக்குக்கு விதியில் இடமிருந்தால் அந்தப் படிவத்தையும் சேர்த்து. வாடகைக்காரர்களுக்கான தண்ணீர் நேரம், பார்க்கிங் அறிவிப்புகளைத் தமிழோடு கன்னடத்திலும் தெலுங்கிலும் ஒட்டிவிடுங்கள்.