மறு: கன்டிஷன் ஃபாக்டர் – 'திரட்சி எண்'னு வைக்கலாமே

அண்ணே வணக்கம், ஒரு மீன் அதோட நீளத்துக்கு எவ்வளவு பருத்திருக்குன்னு சொல்ற எண் தான் கன்டிஷன் ஃபாக்டர், அதுக்குத் தமிழ்ல நீங்க நேத்து போட்ட 'நிலைக் காரணி'ய ரெண்டு தடவ படிச்சேன், மனசு ஒப்பல. நிலைன்னா எந்த நிலை? காரணின்னாலும் ஏதோ காரணம் சொல்ற மாதிரி இருக்கு, ஆனா இது ஒரு எண் தானே.

ரெட்டேரி பக்கம் எங்க தூண்டில்ல மாட்டுன ரெண்டு விரால சொல்றேன். ரெண்டுமே 40 சென்டிமீட்டர், ஆனா ஒண்ணு 640 கிராம், இன்னொண்ணு 512 தான், தலை மட்டும் பெருசா உடம்பு ஒடுங்கிக் கெடந்துச்சு. எடைய நூறால பெருக்கி நீளத்தோட மும்மடியால வகுத்தா மொதலாவதுக்கு 1, அடுத்ததுக்கு 0.8 வருது. மும்மடி ஏன்னா, உருவம் மாறாம மீன் ரெண்டு மடங்கு நீளமா வளந்தா எடை எட்டு மடங்கு ஆயிடும். இதே ரெண்டையும் காசிமேட்டுல ஒரு அக்காகிட்ட காட்டுனா ஒண்ண 'நல்லா தெரண்டு இருக்கு'ம்பாங்க, மத்தத 'வத்திப் போச்சு'ம்பாங்க, நாம தேடுற சொல்லு அங்கயே இருக்கு.

தம்பி சொன்ன 'கொழுமை எண்' எனக்கும் புடிச்சுது, கொழுமீன்னு சங்கப் பாட்டுலயே வருது. ஆனா சினை புடிச்ச மீனுக்கும் இந்த எண் ஏறும், அது கொழுப்பு இல்லயே, கொழுமைன்னு போட்டா படிக்கிற புள்ளைங்க கொழுப்ப அளக்குறோம்னு நெனச்சுக்கும். திரட்சின்னா சதையோ சினையோ எதுனால பருத்தாலும் பொருந்தும்.

இன்னொண்ணு, விரால விரால் கூடத் தான் ஒப்பிடணும், கட்லா ஒடம்பே அகலம், அதுக்கு எண் எப்பவும் கூடத் தான் வரும், அத விளக்கத்துல கண்டிப்பா எழுதணும். நம்ம ஏரி விராலுக்கு 0.9னு ஒரு தடவ தெரிஞ்சுட்டா, 50 சென்டிமீட்டர் மீன தராசு கொக்கில தொங்க விடாமயே சுமார் 1125 கிராம்னு சொல்லிட்டு உசுரோட தண்ணில விட்ரலாம், எனக்கு இது தான் பெரிய விஷயம்.

அப்புறம் ஃபோர்க் லெங்த், மூக்குலேர்ந்து வால் பிரியுற எடம் வரைக்கும் அளக்குறது, அதுக்கு 'கவை நீளம்' போதும், மரக்கவைன்னு சொல்றோம்ல. விராலுக்கு வால் உருண்டை, கவையே கெடையாது, அதனால அதுக்கு மொத்த நீளம்னே போட்ருங்க.