மறு: பல மொழிகளில் ஒரே வடிவம், வேறு வேறு வேர் – ‘அயலொப்பு’ என்று சொல்லலாமா?

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

இந்த இழையில் இதுவரை வந்த மடல்களை நேற்றிரவு மறுபடியும் படித்தேன். வேறு வேறு மொழிகளில் ஒரே வடிவில் இருந்தும் வேரால் தொடர்பில்லாத சொற்களைத் தமிழில் என்ன பெயரிட்டு அழைப்பது என்ற கேள்விக்கு மூன்று சொற்கள் நம் முன் இருக்கின்றன. கிள்ளான் ஐயா ‘போலிச்சொல்’ என்கிறார். கோலாலம்பூர்த் தம்பி ‘பொய்நண்பன்’ என்கிறார். ஈப்போ அம்மா ‘பன்மொழி ஒருசொல்’ என்கிறார். மூன்றிலும் எனக்கு உடன்பாடில்லை. காரணத்தைச் சொல்லிவிட்டு என் சொல்லையும் வைக்கிறேன். மடல் நீளும், பொறுத்தருளுங்கள்.

இந்தச் சொல் எனக்கு ஏன் வேண்டியிருக்கிறது என்பதை முதலில் சொல்கிறேன். இங்கே பினாங்கின் புலாவ் தீக்குஸ் சந்தையில் கீரை விற்கும் சீனப் பாட்டியிடம் பல ஆண்டுகளாக வாங்கி வருகிறேன். எங்களுக்குள் பேச்சு மலாய்தான். போன மாதம் ஒரு நாள் நான் கேட்ட கீரை தீர்ந்துவிட்டிருந்தது. மறுபடி எப்போது வரும் என்று கேட்டேன். பக்கத்துக் கடைக்காரரோடு இங்குள்ள சீனர் பலர் பேசும் ஹொக்கியன் மொழியில் பேசிக்கொண்டிருந்தவர், அதே வேகத்தில் எனக்கும் ஹொக்கியனிலேயே “பை-சா” என்றார். நான் கையிலிருந்த துணிப்பையை விரித்து நீட்டினேன். அவர் பையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மூன்று விரலைக் காட்டி “ராபு” என்றார். மலாயில் ராபு என்றால் புதன்கிழமை. ஹொக்கியனில் ‘பை’ என்பது வழிபாடு. கிழமைகளையும் அதை வைத்தே எண்ணுகிறார்கள். பை-இட் திங்கள், பை-ஜி செவ்வாய், பை-சா புதன்.

வீட்டுக்கு வந்ததும் ‘பை’ என்ற அந்த ஓர் எழுத்தைத் தாளின் நடுவில் எழுதி, சுற்றிலும் எனக்குத் தெரிந்தவற்றை அடுக்கினேன். நன்னூல் எண்ணும் நாற்பத்திரண்டு ஓரெழுத்து ஒருமொழிகளில் பையும் ஒன்று. தமிழுக்குள்ளேயே அது ஒன்றல்ல. காய்கறி வாங்கும் பை ஒன்று. பாம்பு விரிக்கும் படமும் பைதான். பைங்கிளி, பைந்தமிழ் என்பவற்றில் வரும் பை வேறு. அது பசுமையின் மை கெட்டு, அடியகரம் ஐ ஆகிப் பிறந்தது. இனி வெளியே வருவோம். மலாயில் பை என்பது மாவுக்குள் பூரணம் வைத்துச் சுடும் பலகாரம். ஆங்கிலத்திலிருந்து வந்தது. மாண்டரினும் அந்தப் பலகாரத்தை அப்படியே அழைக்கிறது. ‘பிரிவு, கட்சி’ என்ற பொருளில் முன்பே இருந்த எழுத்தை அதற்கு எடுத்துக்கொண்டார்கள். தாய்லாந்து மொழியில் பை என்றால் ‘போ’. இங்கே லோரோங் பர்மாவில் உள்ள சயாமியக் கோயிலுக்கு வருகிறவர்கள் வாயில் நாள்தோறும் கேட்கலாம். மலாக்காவின் போர்த்துகீசியக் கிளைமொழியான கிறிஸ்தாங்கில் பை என்றால் அப்பா. லத்தீனில் தந்தையைக் குறிக்கும் சொல்லின் வழிவந்தது, 1511இல் மலாக்காவைப் பிடித்தவர்களோடு கப்பலில் வந்தது. நியூசிலாந்தின் மாவோரி மொழியில் பை என்றால் நல்லது. நம் ஹொக்கியன்காரர்கள் மூச்சை அழுத்தி மூக்கொலியோடு சொல்லும் பை ஒன்று உண்டு, அதற்குக் கெட்டது என்று பொருள். பழைய தமிழ்க் கணக்கேடுகளில் ‘ரூ. அ. பை’ என்று பத்தி பிரித்திருப்பார்கள். அந்தப் பை ஒரு காசு, பன்னிரண்டு சேர்ந்தால் ஓர் அணா. கால் பங்கைக் குறிக்கும் வடசொல் அதற்கு வேர்.

பள்ளிக் கணக்கில் வரும் பை இருக்கிறதே, அதன் கதையை விடமுடியாது. வட்டத்தின் சுற்றளவை விட்டத்தால் வகுத்தால் வரும் எண்ணுக்கு அந்தக் கிரேக்க எழுத்தை 1706இல் முதலில் இட்டவர் வில்லியம் ஜோன்ஸ். கிரேக்கர் அதைப் ‘பி’ என்றே சொல்கிறார்கள், ஆங்கிலேயர் வாயில் அது பை ஆயிற்று. இந்த வில்லியம் ஜோன்சின் மகன்தான் கல்கத்தாவில் நீதிபதியாக இருந்த, அதே பெயர் கொண்ட சர் வில்லியம் ஜோன்ஸ். 1786 பிப்ரவரியில் அவர் அங்கே ஆற்றிய உரையில், சமஸ்கிருதமும் கிரேக்கமும் லத்தீனும் ஒரு மூலத்திலிருந்து பிறந்தவையாக இருக்கவேண்டும் என்றார். வினைவேர்களிலும் இலக்கண வடிவங்களிலும் காணும் நெருக்கம் தற்செயலாக வந்திருக்க முடியாது என்பது அவர் காட்டிய காரணம். அதே ஆண்டு ஆகஸ்டில் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனிக்காகப் பிரான்சிஸ் லைட் பினாங்கில் கொடி ஏற்றினார். நான் உட்கார்ந்து எழுதும் இந்த ஊரின் வயதும், சொல்லுறவை எப்படி ஆராய வேண்டும் என்ற அந்தப் பேச்சின் வயதும் ஒன்று என்பது எனக்கு மிகப் பிடித்த செய்தி. நம் விவாதத்தின் கருவும் அதில் இருக்கிறது. தற்செயல் எது, உறவு எது?

நானும் ஓய்வுபெற்ற ஆசிரியைகள் இருவரும் இடைநிலைப்பள்ளி மாணவருக்காக ஒரு மலாய்–தமிழ்ச் சொற்கோவை தொகுத்து வருவது உங்களில் சிலருக்குத் தெரியும். அதில் இரண்டு மொழிச் சொற்கள் ஒன்றுபோல் தோன்றும் இடங்களில் ஒரு குறியீடு இட்டு எச்சரிக்க வேண்டியிருக்கிறது. முதல் வரைவில் நான் எல்லாவற்றையும் ஒரே குறியீட்டில் அடக்கிவிட்டேன். அது தவறு. மலாய் ‘சுவாமி’ என்றால் கணவர். நமக்குச் சுவாமி கடவுள். இரண்டும் உடையவன் என்று பொருள்படும் ஒரே வடசொல்லின் பிள்ளைகள், திசை மாறிப் போனவை. மலாய் ‘தேசா’ கிராமம், நம் தேசம் ஒரு நாடு. இவையும் உடன்பிறந்தவையே. ஆனால் மலாய் ‘தாலி’ என்றால் கயிறு. இதைக் கேட்டதும் நம்மவர் பலர், ‘பார்த்தீர்களா, நம் தாலிதான் அங்கே போயிருக்கிறது’ என்கிறார்கள். தமிழ்ப்பள்ளி மேடைகளிலும் கேட்டிருக்கிறேன். அது சரியன்று. பிலிப்பைன்ஸின் தகலாக் மொழியிலும் கட்டும் கயிறு தாலிதான். அது தீவு மொழிக் குடும்பத்தின் பழஞ்சொத்து. மஞ்சள் கயிற்றைக் கண்முன் வைத்துக்கொண்டு பார்ப்பதால் நமக்கு அது நம்முடையதாகத் தோன்றுகிறது. கடை ‘கெடாய்’ ஆனதும், கப்பல் ‘காப்பால்’ ஆனதும், முதல் ‘மோடால்’ ஆனதும் உண்மையான கொடைகள். உண்மையானவை இத்தனை இருக்க, இல்லாததை ஏன் சேர்க்கவேண்டும்? ஒரு பொய்ச் சான்று பத்து மெய்ச் சான்றுகளின் மதிப்பையும் குறைத்துவிடும்.

இனி மூன்று சொற்களுக்கு வருகிறேன்.

கிள்ளான் ஐயா எழுதியது: “போலி என்றால் ஒன்றைப்போல இருப்பது. எல்லாருக்கும் புரியும், புதிதாக எதுவும் வேண்டாம்.” ஐயா, புரியும் என்பது உண்மை. ஆனால் போலி ஏற்கெனவே இலக்கணத்தில் குடியிருக்கிறது. முதற்போலி, இடைப்போலி, கடைப்போலி என்று மாணவர்கள் படிக்கிறார்கள். மஞ்சு மைஞ்சு ஆகிறது, எழுத்து மாறியும் பொருள் மாறுவதில்லை. நமக்கு வேண்டியது இதற்கு நேர்மாறு. வடிவம் மாறவில்லை, பொருள் வேறு. ஒரே பாடப்புத்தகத்தில் ஒரே சொல் இரண்டு எதிரான வேலைகளைச் செய்தால் பிள்ளைகள் தடுமாறுவார்கள். இன்னொன்றும் உண்டு. போலி என்றால் இன்று கள்ள நோட்டு, கள்ள மருத்துவர் என்ற நினைவே வருகிறது. சீனப் பாட்டியின் பை எதற்குப் போலி? அவருடைய பை அவருக்கு அசல்தானே.

‘பொய்நண்பன்’ பிரெஞ்சிலிருந்து வந்த மொழிபெயர்ப்பு. 1928இல் கெஸ்லர், தெரோக்கினி என்ற இருவர் ஆங்கில–பிரெஞ்சு மொழிபெயர்ப்பில் ஏமாற்றும் சொற்களைத் தொகுத்து நூலாக்கியபோது அந்தப் பெயரை இட்டார்கள். அவர்கள் மொழிகளுக்கு அது பொருந்தும். அங்கே பெரும்பாலானவை ஒரே வேரிலிருந்து வந்து பொருள் மாறியவை. நண்பன் என்று நம்பினோம், ஏமாற்றினான் என்ற கதை அங்கே சரி. தம்பி, நம் தாலிக்கும் மலாய்த் தாலிக்கும் நட்பும் இல்லை, வஞ்சகமும் இல்லை. ஒன்றை ஒன்று அறியாமல் பிறந்தவை அவை.

ஈப்போ அம்மாவின் சொல்லிடம்தான் நான் அதிக நேரம் நின்றேன். “தொல்காப்பியர் ‘வேறுபொருள் குறித்த ஒருசொல்’ என்கிறாரே, அதைப் பல மொழிக்கும் விரித்தால் போதாதா?” என்று கேட்டிருந்தீர்கள், அம்மா. நல்ல கேள்வி. ஆனால் தொல்காப்பியர் திரிசொல்லுக்கு இலக்கணம் சொல்லுகிற இடம் அது, தமிழ் என்ற ஒரு மொழிக்குள் நின்று பேசுகிறார். இங்கே இருப்பது ஒருசொல் இல்லை. பத்துச் சொற்கள். அவை உருவத்தில் ஒன்றாகத் தெரிகின்றன, அவ்வளவே. ‘ஒருசொல்’ என்று நாமே பெயர் வைத்துவிட்டால், தாலி விஷயத்தில் மேடையில் நடக்கும் பிழையைப் பெயரிலேயே ஏற்றியவர்கள் ஆவோம்.

இதிலிருந்து எனக்கு ஒன்று தெளிவாயிற்று. நாம் தேடும் பெயர் ஒரு சொல்லின் பண்புக்கு உரியதன்று. இரண்டு சொற்களுக்கு இடையிலுள்ள நிலைக்கு உரியது. மலாய்ப் பையையும் மாண்டரின் பையையும் அருகருகே வைத்தால் இரண்டும் ஒரே ஆங்கிலச் சொல்லின் இரவல். அதே மலாய்ப் பையைத் தாய்லாந்துப் பையோடு வைத்தால் உறவே இல்லை. ஆகவே கலைச்சொல்லின் கடைசியில் ‘சொல்’ வரக்கூடாது. ‘ஒப்பு’ வரவேண்டும்.

என் முன்மொழிவு: ‘அயலொப்பு’.

தமிழில் அயல் என்பதற்கு இரண்டு முகங்கள் உண்டு. பக்கத்து வீடு அயல்வீடு. உறவல்லாதவரும் அயலார். நம் ஊரில் இவ்விரண்டும் ஒரே ஆளாக நிற்பதை அன்றாடம் பார்க்கிறோம். சுவருக்கு அந்தப் பக்கம் ஹொக்கியன் பேசும் குடும்பம், எதிரே மலாய்க் குடும்பம். பக்கத்தில் இருப்பவர், சொந்தமல்லாதவர். அயலாரிடம் காணும் சாயல் என்பதே அயலொப்பு. எதிர்வீட்டில் நான்காம் படிவம் படிக்கும் பெண்ணிடம் விளக்கம் எதுவும் சொல்லாமல், இந்தச் சொல்லுக்கு என்ன பொருள் இருக்கும் என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்து, “முகம் நம்மைப்போல இருக்கும், ஆனால் சொந்தக்காரர் இல்லை, அப்படியா டீச்சர்?” என்று கேட்டாள். அதற்குமேல் எனக்கு விளக்க எதுவும் இருக்கவில்லை.

சுவாமி, தேசா போன்றவற்றுக்கு இணையாக ‘கிளைத்திரிபு’ என்று வைத்துக்கொள்ளலாம். கிளை என்றால் மரத்தின் கிளையும்தான், சுற்றமும்தான். ‘கிளைஞர்’ என்று உறவினரைச் சொன்ன மொழி இது. ஒரே கிளையில் பிறந்து பொருள் திரிந்தவை. திரிபு என்ற சொல் புணர்ச்சியிலும் வருகிறதே, போலியை மறுத்துவிட்டு இதை ஏற்கலாமா என்று கிள்ளான் ஐயா கேட்பார். கேட்கலாம், ஐயா. அங்கும் இங்கும் திரிபு என்றால் மாறுதலே, பொருள் முரணவில்லை.

இவ்வளவு சிறிய சொற்களில் மட்டும் ஏன் இது மலிந்திருக்கிறது என்று முன்பு ஒருவர் கேட்டிருந்தார். நம் உயிர்மெய்யே மொத்தம் 216. உலகில் ஏழாயிரம் மொழிகள் அளவுக்கு இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் போ, வா, நல்லது, அப்பா என்று குட்டிச் சொற்கள் வேண்டும். வாயில் பிறக்கும் எளிய ஒலிகள் சிலவே. மோதாமல் எப்படி இருக்கும்? சில நேரம் பொருளும் சேர்ந்தே மோதிவிடுகிறது. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் பேசப்பட்ட ம்பாபரம் என்ற பழங்குடி மொழியில் நாய்க்குப் பெயர் ‘டாக்’. அதை ஆராய்ந்த மொழியியலாளர் டிக்சன் முதலில் ஆங்கில இரவல் என்றே எண்ணினார். பக்கத்து மொழிகளில் அது ‘குடகா’ என்று இருந்தது. முதல் அசை தேய்ந்து, உயிர் மாறி, கடைசி உயிர் விழுந்து டாக் ஆனதை ஒலிமாற்ற முறைப்படி காட்டினார். வடிவும் பொருளும் அச்சாக ஒன்றி நின்றும் உறவில்லை. அயலொப்புக்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது. சொற்கோவையின் முன்னுரையில் இதைச் சேர்க்கப்போகிறேன்.

ஒரு திருத்தத்தை நானே முன்வைக்கிறேன். மேலே நான் அடுக்கிய பைகள் எல்லாம் ஒலியில் ஒன்றல்ல. மாண்டரின் பையிலும் ஆங்கிலப் பையிலும் மூச்சு வெடிக்கிறது. தாய்லாந்து, ஹொக்கியன் பைகளுக்குத் தொனி உண்டு. மூக்கொலி உள்ளதும் இருக்கிறது. நம் பகரம் இவற்றையெல்லாம் ஒரே எழுத்தில் வாங்கிக்கொள்கிறது. விரிக்கிற பாயும், முஸ்லிம் அன்பரை அழைக்கிற பாயும் எழுத்தில் ஒன்றாவது இப்படித்தான். இது நம் எழுத்தின் குறை இல்லை. தமிழுக்கு வேண்டிய அளவுக்கு அமைந்த எழுத்து அது. ஆனால் அகராதி செய்பவர் எழுத்தொப்பையும் ஒலியொப்பையும் பிரித்துக் காட்டியாக வேண்டும். ‘எழுத்தயலொப்பு’, ‘ஒலியயலொப்பு’ என்று நீட்டினால் வாய் வலிக்கிறது. இதற்குக் குறுகிய வழி யாருக்காவது தோன்றினால் சொல்லுங்கள். இந்த ஓர் இடத்தில் நான் தடுமாறித்தான் நிற்கிறேன்.

சொற்கோவையில் குறியீடு ‘அ.ஒ.’, ‘கி.தி.’ என்று இருக்கும். தாலிக்கு எதிரே அ.ஒ., சுவாமிக்கு எதிரே கி.தி. முதல் அச்சுப்படி வரும் புதன்கிழமை காலை அச்சகத்துக்குப் போகிறது. சந்தைக்குப் போகும் வழியில் நானே கொண்டுபோய்க் கொடுக்கிறேன். மறுப்பு இருப்பவர்கள் செவ்வாய் இரவுக்குள் எழுதுங்கள். கிள்ளான் ஐயாவின் மறுப்பைக் கட்டாயம் எதிர்பார்க்கிறேன்.

அன்புடன்,
பினாங்கிலிருந்து