பிஎன்சி வார்டு (பிரசவம் முடிஞ்ச அம்மாக்கள் இருக்கற வார்டு): பிபி நார்மல், ஆனா பல்ஸ் 112. எதை முதல்ல பாக்கணும்?

புது ஸ்டாஃப்:
அக்கா எல்லாருக்கும் வணக்கம். இப்பதான் பிஎன்சி வார்டுல போட்ருக்காங்க. மார்பு, கர்ப்பப்பை, மூத்திரப்பை, குடல், லோக்கியா (பிரசவத்துக்கு அப்புறம் போற ரத்தப்போக்கு), தையல்னு காலேஜ்ல வரிசையா மனப்பாடம் பண்ணினோம், ஆனா நைட்ல தனியா வார்டு முழுக்க பாக்கும்போது எங்க ஆரம்பிக்கறதுன்னே தெரியல. நேத்து சுகப்பிரசவம் ஆகி வந்த ஒரு அம்மாவுக்கு பிபி 110/70, பல்ஸ் 112. மனசு கேக்காம டாக்டர கூப்பிட்டேன், வந்து பாத்து உடனே ஊசி போட்டாங்க, இப்ப அவங்க நல்லா இருக்காங்க. ஆனா பிபி நல்லா இருக்கும்போதே ரத்தம் அதிகமா போகுதுன்னு டாக்டர் எத வெச்சு கண்டுபிடிச்சாங்கன்னு எனக்கு விளங்கல. கூட இருந்த பாட்டி வேற கெட்ட ரத்தம் போகட்டும்மா, போனாதான் நல்லதுன்னு சொல்லிட்டே இருந்தாங்க.

லேபர் வார்டு சீனியர்:
கூப்பிட்டது ரொம்ப சரிம்மா. பல்ஸ சிஸ்டாலிக்கால, அதாவது பிபியோட மேல் நம்பரால வகுத்துப் பாரு, 112ஐ 110ஆல வகுத்தா 1க்கு மேல வருது, 0.9 தாண்டினாலே உஷாராகணும். கர்ப்பத்துல உடம்புல ரத்தத்தோட அளவு கூடியிருக்கும், அதனால நிறைய போற வரைக்கும் பிபி தாக்குப் பிடிக்கும், அப்புறம் சட்டுனு விழுந்துடும், அது விழுந்த பிறகு நாம ஓடுறது லேட்டு. முதல்ல வயித்துல கை வை. கர்ப்பப்பை தொப்புள்கிட்ட கெட்டியா உருண்டையா தட்டுப்படணும், கொழகொழன்னு இருந்தா அங்கயே மசாஜ் பண்ணிட்டே ஆளக் கூப்பிடு. மேல ஏறி வலது பக்கமா ஒதுங்கியிருந்தா மூத்திரப்பை நிரம்பியிருக்குன்னு அர்த்தம், மூத்திரம் போக வெச்சாலே பாதி சரியாகும். கர்ப்பப்பை கெட்டியா இருந்தும் சிவப்பா வந்துட்டே இருந்தா உள்ள எங்கயோ கிழிஞ்சிருக்கு. பேட மட்டும் பாத்து சார்ட்ல எழுதாத, இடுப்புக்கு அடியில கைய விட்டுப் பாரு, அங்கதான் தேங்கும். ஒரு மணி நேரத்துல ஒரு பேட் முழுசா நனைஞ்சா நார்மல் கிடையாது. 500 மில்லி ரத்தம் போனாதான் ஆபத்துன்னு படிச்சிருப்ப, ஆனா 300 மில்லி போய் பல்ஸோ பிபியோ மாறினாலே சிகிச்சை ஆரம்பிங்கன்னு 2025ல உலக சுகாதார நிறுவனம் சொல்லிடுச்சு. ஹீமோகுளோபின் 7, 8 இருக்கற பொண்ணுக்கு அந்த 300ஏ அதிகம்.

புது ஸ்டாஃப்:
நன்றிக்கா. ரத்தப்போக்க குறைக்கற டிரானெக்சாமிக் ஆசிட் ஊசி போட்டாங்கன்னு நினைக்கறேன், அது எப்ப வரைக்கும் போடலாம்?

லேபர் வார்டு சீனியர்:
குழந்தை பொறந்து 3 மணி நேரத்துக்குள்ள, 1 கிராம், மெதுவா ஐவில (நரம்பு வழியா). தள்ளத் தள்ள பலன் குறையும், அதனாலதான் நீ சீக்கிரம் கூப்பிடறது முக்கியம்.

கிராம சுகாதார செவிலியர்:
பாட்டி விஷயத்துக்கு நான் சொல்றேன். அவங்ககிட்ட சண்டை போடாதம்மா, வேலைய கொடு. துணிய துவைக்கறதுக்கு முன்னாடி என்கிட்ட காட்டுங்க பாட்டின்னு சொல்லு. மூணு நாலு நாள் சிவப்பா இருக்கும், அப்புறம் மங்கணும், மறுபடி சிவப்பானாலோ கட்டி கட்டியா விழுந்தாலோ நாத்தம் அடிச்சாலோ உடனே சொல்லணும்னு சொன்னா அவங்கதான் நம்மள விட நல்லா கவனிப்பாங்க. நான் வீட்டுக்குப் போனா முதல்ல காய்ச்சல் பாப்பேன், 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு மேல இருந்து அடிவயிறும் வலிச்சா பால் கட்டுன காய்ச்சல்னு விடமாட்டேன். ரெண்டு காலையும் சேத்துப் பாக்கணும், ஒரு கால் மட்டும் வீங்கி கெண்டைக்கால் வலிச்சா நீவி விடவே கூடாது, ரத்தம் உறைஞ்சிருக்கலாம், நேரா ஆஸ்பத்திரிதான். அப்புறம் பச்ச உடம்புக்கு தண்ணி ஆகாதுன்னு அரை டம்ளர்தான் கொடுப்பாங்க, அது எனக்கு ரொம்ப வருத்தமா இருக்கும், பால் கொடுக்கற பொண்ணு நாக்கு வறண்டு கிடக்கும்.

பிஎச்சி (ஆரம்ப சுகாதார நிலைய) நர்ஸ்:
யாரும் தலைவலிய சொல்லல. கர்ப்பத்துல பிபி ஏறாதவங்களுக்கும் பிரசவத்துக்கு அப்புறம் ஏறலாம், அதுவும் மூணாம் நாள்ல இருந்து ஆறாம் நாளுக்குள்ளதான் பிபி உச்சத்துக்குப் போகும், நம்ம ஊர்ல 48 மணி நேரத்துல டிஸ்சார்ஜ் ஆகி வீட்ல இருக்கற நேரம் அது. தூக்கம் இல்ல அதான் தலைவலின்னு தைலம் தேய்ச்சுட்டு இருப்பாங்க. கண்ணு மங்கலா தெரியுது, நெஞ்சுக்குழிக்குக் கீழ வலிக்குதுன்னு சொன்னா உடனே பிபி பாரு, 160/110 வந்தா அது எமர்ஜென்சி, ஃபிட்ஸ் வரக் காத்திருக்கக் கூடாது. டிஸ்சார்ஜ் அன்னைக்கு இத பொண்ணுகிட்ட மட்டும் சொல்லாம கூட வந்தவங்ககிட்டயும் சொல்லு. இன்னொன்னு, தையல் போட்ட இடத்துல தாங்க முடியாத வலி, மலம் வர்ற மாதிரி முட்டுதுன்னா வலி மாத்திரை கொடுத்துட்டுப் போயிடாத, விளக்க வெச்சுப் பாரு, வெளிய ரத்தமே வராம உள்ள கட்டியிருக்கும்.

நைட் டூட்டி அக்கா:
மனசையும் பாருங்கப்பா. மூணு நாலு நாள் அழறது நிறைய பேருக்கு வரும், தானா போயிடும். ரெண்டு வாரம் தாண்டியும் அப்படியே இருந்தா டிப்ரஷனான்னு பாக்கணும். ஆனா தூங்கவே மாட்டேங்கறா, சம்பந்தமில்லாம பேசறா, குழந்தைய என்னுது இல்லங்கறான்னா அது வேற, அன்னைக்கே மனநல டாக்டர்கிட்ட போகணும். வீட்ல ஜன்னின்னு மந்திரிக்கக் கூட்டிட்டுப் போவாங்க, அதுக்கு விடாதீங்க, குழந்தையோட அவள தனியா விடவும் கூடாது, டாக்டர் பாக்கற வரைக்கும் ஒருத்தர் பக்கத்துலயே உக்காரணும்.