தாழ்வாரத்து வாண்டாவுக்கு நைட்ரஜன் எங்கிருந்து வரும்?

யீஷூன் செல்வி:
எங்கள் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டுத் தாழ்வாரத்தில் மூன்று வாண்டா ஆர்க்கிட் தொங்குகின்றன, ஒரு பறவைக்கூட்டுப் பெரணியும் இருக்கிறது. தண்ணீர் தவறாமல் ஊற்றியும் அடி இலை மஞ்சளாகிறது, புது இலை சின்னதாக வருகிறது. நைட்ரஜன் குறைவு என்றார் கடைக்காரர். ஆனால் கீழே கார் நிறுத்துமிடத்துத் தூங்குமூஞ்சி மரத்தில் இதே பெரணி குடை அளவுக்கு விரிந்திருக்கிறது. மண்ணும் இல்லை, உரமும் இல்லை. அதற்கு மட்டும் எப்படிக் கிடைக்கிறது?

பூமலை நடையர்:
வணக்கம் செல்வி. காற்றில் 78 விழுக்காடு நைட்ரஜன்தான். ஆனால் எந்தச் செடியாலும் அதை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. அந்தப் பெரணிக்கு மரமே சோறு போடுகிறது. உதிரும் இலைகளை அது கூடை மாதிரி ஏந்திக்கொள்ளும். அவை உள்ளேயே மட்கி மண்ணாகிவிடும், வேர் அதற்குள் ஓடும். அதோடு, தூங்குமூஞ்சி அவரைக் குடும்பத்து மரம். அதன் வேர் முடிச்சுகளில் இருக்கும் பாக்டீரியா காற்று நைட்ரஜனைப் பிடித்துக் கொடுப்பதால் இலையிலும் சத்து உண்டு. பறவை எச்சமும் சேரும்.

வாண்டாவுக்குக் கூடை கிடையாது, மழைதான். மின்னல் வெட்டினால் காற்று நைட்ரஜனில் கொஞ்சம் நைட்ரேட்டாகி மழையோடு இறங்கும். இலை, பட்டையில் படிந்த தூசியையும் மழை கழுவிக்கொண்டு வரும். முதலில் வழியும் தண்ணீரில்தான் சத்து அதிகம். வேரைச் சுற்றியுள்ள வெலமென் என்ற வெள்ளைப் பஞ்சுப் போர்வை அதை உடனே உறிஞ்சிப் பிடித்துக்கொள்ளும். வெள்ளி நிற வேர் நனைந்ததும் பச்சையாவதைப் பார்த்திருப்பீர்கள்.

உங்கள் தாழ்வாரத்துக்குக் கூரை இருக்கிறது. இலையும் விழாது, மழையும் படாது. செடி பட்டினி கிடக்கிறது.

சிராங்கூன் மணி:
எறும்பையும் சேர்த்துக்கொள்ளுங்கள். டிஸ்கிடியா மேஜர் என்ற கொடியின் பை போன்ற இலைக்குள் எறும்புகள் குடியிருக்கும். சரவாக்கின் பாக்கோ தேசியப் பூங்காவில் செய்த ஆய்வு 1995-இல் நேச்சர் இதழில் வந்தது. அந்தக் கொடியின் நைட்ரஜனில் 29 விழுக்காடு எறும்புகள் விட்ட குப்பையிலிருந்து வந்ததாம்.

யீஷூன் செல்வி:
நன்றி அண்ணன். அப்படியானால் நைட்ரஜன் அதிகமுள்ள 30-10-10 உரம் (நைட்ரஜன், பாஸ்பரஸ், பொட்டாசியம் அளவு வரிசையாக) வாங்கட்டுமா? வாண்டா கரித்துண்டில்தான் இருக்கிறது.

பூமலை நடையர்:
வேண்டாம். மரப்பட்டை மட்கும்போது நுண்ணுயிர்களே நைட்ரஜனைத் தின்றுவிடும் என்பதால் பட்டையில் வளர்ப்பவர்களுக்குச் சொன்ன கணக்கு அது. கரி அப்படி மட்காது, 20-20-20 போதும். பொட்டலத்தில் போட்டிருக்கும் அளவில் கால் பங்கை, வாரம் ஒருமுறை, வேர் வெள்ளியாகக் காய்ந்திருக்கும்போதே ஊற்றுங்கள். முதலில் வெறும் தண்ணீர் ஊற்றினால் பஞ்சு அதிலேயே நிறைந்துவிடும். கால் பங்கைத் தாண்டாதீர்கள். அவசரப்பட்டு முழு அளவு ஊற்றியதில் என் வாண்டா ஒன்றின் வேர்நுனி எல்லாம் கருகிவிட்டது, அது தேறவே இல்லை. மாதம் ஒருமுறை வெறும் தண்ணீரால் நன்றாக அலசி, படிந்த உர உப்பை இறக்கிவிடுங்கள்.

பெரணிக்கு, கீழே இறங்கி அந்த மரத்தடிச் சருகு இரண்டு கைப்பிடி அள்ளி வந்து மட்டைகளுக்கு நடுவே தூவுங்கள். தண்ணீர் மட்டும் தேங்க விடாதீர்கள், ஏடிஸ் கொசு முட்டையிடும்.